லாயத்தில் ஒரு குதிரை

வில்லங்கம் என்பது அவளைப் பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. பதிவு அலுவலகத்தில் ஊரார் சொத்துக்கெல்லாம் வில்லங்கம் பார்த்துக் கொடுக்கிறவள் என்பதால் வந்து ஒட்டிக்கொண்டது. ஒரு நிலம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது, நடுவில் யார் அடகு வைத்தார்கள், எந்தச் சித்தப்பா கையெழுத்துப் போடமாட்டேன் என்று முறுக்கிக்கொண்டு போனார் என்பதையெல்லாம் பழைய புத்தகங்களிலிருந்து தோண்டி எடுத்துத் தருவாள். அடுத்த வீட்டுச் சங்கதியில் மூக்கை நுழைப்பதே பிழைப்பு என்றால் யாருக்குக் கசக்கும்? அப்பேர்ப்பட்டவள், தான் வாழ்க்கைப்பட்டு வந்த வீட்டுக்கு ஒரு துண்டுக் காகிதமாவது இருக்கிறதா என்று மட்டும் ஒரு நாளும் தேடிப் பார்த்ததில்லை.

அந்த வீடு முதலில் வீடே இல்லை, குதிரை லாயம். மலைச்சரிவில் காபித் தோட்டம் போட்ட ஒரு துரை, தன் பங்களாவுக்குப் பின்னால் கல்லில் கட்டிய நீளமான கட்டடம். தோட்டம் போய், துரைகள் போய், சரிவெல்லாம் வீடுகளாகி எத்தனையோ காலம் ஆயிற்று. லாயம் மட்டும் அசையாமல் நின்றது. ஒவ்வொரு குதிரைக்கும் ஒன்றாக இருந்த தடுப்புகள்தான் இப்போது அறைகள். குதிரைகளைக் கட்டிய இரும்பு வளையங்களில் அவள் புருஷன் சட்டையை மாட்டுவார். அவர் ஜன்னல்களுக்குக் கண்ணாடி போடுகிறவர். ஊரில் யார் வீட்டில் பந்து விழுந்தாலும் அவருக்கு வேலை. அதிகம் பேசமாட்டார். அவருக்கும் சேர்த்துப் பேச அவருடைய அம்மா இருந்தார். அந்த அம்மாளின் கட்டில் கிடக்கும் இடத்தில்தான் துரையின் செல்லக் குதிரை நின்றதாம். மாமியாருக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

கடைசித் தடுப்பில் மட்டும் நிஜமாகவே ஒரு குதிரை நின்றது.

வெள்ளையாகப் பிறந்து பழுப்பாகிப்போன கிழட்டுப் பெண்குதிரை. வண்டி இழுக்காது, ஆளை ஏற்றாது. வேளாவேளைக்குத் தின்னும், பிறகு ஜன்னல் வழியாக அடுப்படிக்குள் தலையை நீட்டி, இன்னும் என்ன இருக்கிறது என்று பார்க்கும். வில்லங்கம் எரிச்சலில் அதற்கு மகாராணி என்று பெயர் வைத்தாள். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. அதைக் குளிப்பாட்டி, சீவி, அதனோடு பேசிக்கொண்டிருப்பது மாமியாரின் தம்பி. ஆயுசில் ஒரு பந்தயத்திலும் குதிரை ஓட்டாத அந்த மனுஷனை ஊர் ஜாக்கி என்று கூப்பிட்டது.

இந்தக் குதிரை வளர்ப்புக்கு ஒரு கதை உண்டு. மாமனாரின் அப்பா துரை வீட்டில் குதிரைக்காரராக இருந்தவர். அவர் சாகும்போது மகனிடம், "லாயத்துல எப்பவும் ஒரு குதிரை நிக்கணும்" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார். மாமனார் சாகும்போது அதையே தன் மகனிடம் சொன்னார். ஏன் என்று இருவருமே சொல்லவில்லை. ஆகவே ஒரு குதிரை செத்தால், அதைப் புதைத்த மண் காய்வதற்குள் எங்கிருந்தாவது இன்னொன்று வந்துவிடும். யாரும் வேண்டாம் என்று கழித்துவிட்ட குதிரையாகத்தான் இருக்கும்.

"நீங்களாவது ஏன்னு கேட்டிருக்கலாமே அத்தே," என்று வில்லங்கம் ஒருமுறை கேட்டாள்.

"கேட்டேனே. 'சொன்னா கேளு'ன்னாரு. அந்த மனுஷன் என்கிட்ட பேசினதே அந்த ரெண்டு வார்த்தைதான், கல்யாணம் ஆன நாள்லேர்ந்து."

இப்படிப் போய்க்கொண்டிருந்த வீட்டில் இடியாக இறங்கியது ஒரு நோட்டீஸ். பங்களாவைப் புதிதாக வாங்கியவர் ஓட்டல்காரர். பங்களாவைப் பளபளவென்று ஆக்கி, வெளியூர்க்காரர்களைத் தங்கவைத்துக்கொண்டிருந்தார். அவருடைய கிரயப் பத்திரத்தில் 'பங்களாவும் அதைச் சேர்ந்த கட்டடங்களும்' என்று இருந்தது. லாயம் பங்களாவைச் சேர்ந்த கட்டடம்தானே, காலி செய்யுங்கள் என்றது நோட்டீஸ். நில அதிகாரி முன்னால் விசாரணைக்கு ஒரு திங்கட்கிழமை குறிக்கப்பட்டது. அதற்குள் லாயம் எப்படித் தங்களுக்கு வந்தது என்று காட்டவில்லை என்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

"துரை குடுத்தது," என்றார் மாமியார்.

"எந்தத் துரை?"

"துரைன்னா துரைதான். அதுல என்ன எந்தத் துரை."

வில்லங்கம் பெருமூச்சு விட்டாள். மறுநாளிலிருந்து ஊரார் வேலையை ஒதுக்கிவைத்துவிட்டு, ஆவணக் காப்பறையே கதி என்று கிடந்தாள்.

காப்பறையின் பொறுப்பாளருக்குத் தும்மல் சார் என்று பெயர். வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கு ஆரம்பித்த தும்மல் இன்னும் நிற்கவில்லை. புத்தகங்களை அலமாரியிலிருந்து இறக்கி, துணியால் தட்டி, தும்மி, மூக்கைத் துடைத்துக்கொண்டு நகர்த்தித் தருவார். வெளியே மலை மூடுபனியில் மறைந்துகிடக்கும். உள்ளே பகலிலும் விளக்கு எரியும். அவள் துரை குடும்பத்தின் உயில்களை ஒவ்வொன்றாகப் படித்து, குறிப்பெடுத்துக்கொண்டு சாயங்காலம் வீடு திரும்புவாள்.

அங்கேதான் வேடிக்கை. அடுப்பில் பூசணித் துண்டுகள் வெந்துகொண்டிருக்க, வெங்காயம் உரித்தபடி, அன்றைக்குப் படித்ததை அவள் சொல்லத் தொடங்குவாள். மாமியார் முட்டிக்காலைத் தேய்த்துக்கொண்டு கேட்பார். நாளாக ஆக அடுப்படியில் ஒரு தொடர்கதை மாதிரியே ஆகிவிட்டது. மழைக்குப் பயந்து ஜாக்கியும் உள்ளே வந்து உட்காருவார். புருஷன்கூட உளி ரம்பமெல்லாம் துடைக்கிற சாக்கில் பக்கத்திலேயே இருப்பார். ஜன்னலில் மகாராணியின் தலை.

முதல் நாள் முதல் துரைக்கு நிலம் வந்த கதை. அவருக்கு மீசைத் துரை என்று மாமியாரே பெயர் வைத்தார். மீசை இருந்ததா என்று யாருக்கும் தெரியாது.

"'உரிமையாளர் யாருமில்லாத காடு'ன்னு எழுதி, அவருக்குக் குடுத்திருக்காங்க அத்தே."

"யாருமில்லாத காடா?" என்றார் ஜாக்கி. "அப்ப அந்தக் காட்டை வெட்டினது யாரு, செடி நட்டது யாரு, குரங்கா? இருந்தவங்களைத் துரத்திட்டு யாருமே இல்லேன்னு எழுதிக்கிட்டாங்க. எழுதுறவன் கையில பேனா இருந்தா போதும்."

அவர் சொன்னது நியாயம்தான். வில்லங்கத்துக்கும் அது உறுத்தியது. மீசைத் துரையின் உயிலில் துப்பாக்கிக்குத் தனி வரி, பியானோவுக்குத் தனி வரி. குதிரைகளுக்கெல்லாம் பெயர் போட்டிருந்தது. அவற்றைப் பார்த்துக்கொண்டவர் மட்டும் வெறும் 'குதிரைக்காரன்'. அந்தக் குதிரைக்காரனின் பேரன் பக்கத்தில் உட்கார்ந்து உளியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் அந்த வரியை வாசிக்காமல் தாண்டிவிட்டாள்.

மீசைத் துரையின் மனைவி எழுதிய உயில்தான் மாமியாருக்கு ரொம்பப் பிடித்தது. அதில் பாதிக்கு மேல் மருமகளைப் பற்றிய புகார்.

"'என் கம்பளிப் போர்வைகள் என் மகனுக்கு. அவன் மனைவி அவற்றைத் தொடக்கூடாது'ன்னு எழுதியிருக்காங்க."

"நல்லா எழுதினா. அந்த மருமக என்ன பண்ணியிருப்பாளோ. பாவம், பெத்த மனசு."

"ஒரே போர்வையில புருஷன் மட்டும் எப்படித்தான் படுக்கறதாம், அத்தே? மருமக குளிர்ல நடுங்கணுமா?"

"அவ அவங்க அம்மா வீட்டுலேர்ந்து கொண்டுவரட்டும்," என்றார் மாமியார், யோசிக்காமல்.

"வெள்ளைக்காரியா இருந்தாலும் மாமியா மாமியாதான்," என்று புருஷன் உளியைப் பார்த்துச் சொன்னார். அன்றைக்கு அவர் பேசியது அவ்வளவுதான். வில்லங்கம் சிரித்த சிரிப்பில் மகாராணி ஜன்னலிலிருந்து தலையை இழுத்துக்கொண்டது.

தேடலில் ஒன்றும் கிடைக்கவில்லை என்பதைச் சிரிப்பு மறைத்துக்கொண்டிருந்தது. மீசைத் துரையிடமிருந்து மூத்த மகனுக்கு, அவனிடமிருந்து பேரனுக்கு, பேரனிடமிருந்து ஒரு கம்பெனிக்கு, கம்பெனியிடமிருந்து ஓட்டல்காரருக்கு. எல்லாப் பத்திரத்திலும் 'பங்களாவும் அதைச் சேர்ந்த கட்டடங்களும்'. லாயத்தை யாரும் யாருக்கும் தனியாகக் கொடுத்த மாதிரியே தெரியவில்லை. இத்தனை குடும்பங்களுக்கு வீடு மீட்டுக் கொடுத்தவள், தன் வீட்டை விட்டுவிடப் போகிறோமோ என்று தனக்குள் கலங்கிப்போனாள்.

அந்தக் கலக்கத்தில்தான் அவள் மகாராணி விஷயத்தில் ஒரு முடிவெடுத்தாள். ஓட்டல்காரர் வழியில் பார்த்து நயமாகச் சொல்லியிருந்தார்: "கேஸ் ஒரு பக்கம் இருக்கட்டும்மா. அந்தக் குதிரையை மட்டும் எங்கயாவது அனுப்பிடுங்களேன். தங்க வர்றவங்க வாடை தாங்காம ஜன்னலைச் சாத்திக்கறாங்க." இதை விட்டுக்கொடுத்தால் மனுஷன் கொஞ்சம் இறங்கி வருவார் என்று அவளுக்குத் தோன்றியது. உண்மையைச் சொன்னால் இன்னொரு காரணமும் உண்டு. போன மாதம் ஜன்னலோரம் வைத்திருந்த, ஊரார் ஒருவருடைய முத்திரை போட்ட நகலை மகாராணி முழுசாகத் தின்றுவிட்டது. முத்திரையைக்கூட மிச்சம் வைக்கவில்லை. அன்றைக்கு அவள் பட்ட அவமானம் ஆறவே இல்லை. அடிவாரத்தில் பால் பண்ணை வைத்திருப்பவர், மேயவிட்டு வைத்துக்கொள்கிறேன் என்றார். வெள்ளிக்கிழமை வண்டி அனுப்புவதாக ஏற்பாடு.

"அப்பா சொன்னது?" என்று புருஷன் கேட்டார்.

"வீடே இல்லாம போச்சுன்னா குதிரையை எங்க நிறுத்துவீங்க? தலையிலயா?"

ஜாக்கி அன்றிலிருந்து அவளோடு பேச்சை நிறுத்திவிட்டார். உப்பு வேண்டுமென்றாலும் அக்காவிடம்தான் கேட்டார்.

வியாழக்கிழமை சாயங்காலம் தூறல் பிடித்துக்கொண்டது. எல்லாவற்றையும் இன்னொரு முறை முதலிலிருந்து பார்க்கலாம் என்று அவள் மீசைத் துரையின் உயில் குறிப்பை மறுபடி எடுத்தாள்.

"பெரிய பொண்ணுக்குப் பியானோ. சின்னவனுக்குக் கடிகாரம்..."

"ரெண்டாவது பொண்ணுக்கு?" என்றார் மாமியார். "அன்னிக்குச் சொன்னியே, குதிரை டாக்டரைக் கட்டிக்கிட்டான்னு, அவளுக்கு?"

"அவளுக்கு ஒண்ணுமில்ல அத்தே. 'அவளுக்குச் சேர வேண்டியது கல்யாணத்தின்போதே சேர்ந்துவிட்டது'ன்னு ஒரு வரி, அவ்வளவுதான். அவளைக் கணக்குல சேர்க்க வேண்டாம்."

மாமியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். முகம் சிவந்துவிட்டது.

"பாத்தியா. எங்க அப்பாவும் என்னை இதே வார்த்தைதான் சொன்னாரு. எல்லாத்தையும் இதோ இவன் பேருக்கு எழுதிட்டு, 'பொண்ணுக்குக் கல்யாணத்துலயே குடுத்தாச்சு'ன்னுட்டாரு. எல்லா ஊர்லயும் அப்பனுங்க ஒரே மாதிரிதான் போல. அந்தப் பொண்ணும் என்னை மாதிரி ஏமாந்தவதான்."

"என்னக்கா ஏமாந்தே?" என்றார் ஜாக்கி. தூங்கிக்கொண்டிருந்தவர் மாதிரி இருந்தவருக்கு எங்கிருந்துதான் சுருக்கென்றதோ. "தையல் மெஷின் யாரு குடுத்தா? பீரோ யாரு குடுத்தா? ஓடைக்கு அந்தாண்ட நிலம் யாரு எழுதிக் குடுத்தா?"

"அது நிலமாடா? பாறை. ஆடுகூட அங்க போய் நிக்காது."

"பாறையோ மண்ணோ, பத்திரம் உன் பேர்லதானே இருந்துச்சு. வித்து வீட்டுக்கு ஓடு போட்டுட்டு, இப்ப ஒண்ணுமே தரலேங்கறியே. உயில்ல உன் பேரு இல்லேன்னா ஒண்ணும் கிடைக்கலேன்னு அர்த்தமா? அதுக்கு முன்னாடியே கைநீட்டி வாங்கிட்டேன்னு அர்த்தம்."

"வாய்க்கு வந்தபடி பேசாதே. அந்தத் தையல் மெஷினும் பழசு. ஊசி நிக்கவே நிக்காது."

அக்காவும் தம்பியும் ஐம்பது வருஷத்துப் பாக்கியை அப்படியே கொட்டித் தீர்த்துக்கொண்டிருந்தார்கள். வில்லங்கம் கையில் வெங்காயத்தோடு அசையாமல் இருந்தாள். கண்ணில் நீர் வழிந்தது, வெங்காயத்தால்தான். இத்தனை நாளும் அவள் தேடியதெல்லாம் செத்தவர்கள் விட்டுப்போனதை. அப்பன் உயிரோடு இருக்கும்போதே பெண்ணின் கல்யாணத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தால் அது உயில் புத்தகத்தில் எப்படி இருக்கும்? தானப் பத்திரப் புத்தகத்தில் இருக்கும். அதுவும் துரையின் குடும்பப் பெயரில் தேடினால் வராது. பெண் கல்யாணமாகிப் போய்விட்டாள். புருஷனுடைய பெயரில்தான் அட்டவணையில் இருப்பாள்.

"மாமா," என்றாள் ஜாக்கியைப் பார்த்து. "நீங்க நல்லா இருப்பீங்க."

"அவகிட்ட சொல்லுக்கா," என்றார் ஜாக்கி, "நாளைக்குக் குதிரையை ஏத்தி விடுறவங்க வாயால எனக்கு ஆசீர்வாதம் வேணாம்னு."

வெள்ளிக்கிழமை காலையில் தும்மல் சார் பூட்டைத் திறப்பதற்கு முன்பே அவள் வாசலில் நின்றாள். குதிரை டாக்டரின் பெயர், அவளுக்கு அந்தப் பெண்ணின் கல்யாணப் பதிவிலிருந்து தெரியும். அந்த எழுத்தில் தானப் பத்திர அட்டவணையை எடுத்தார்கள். தும்மல் சார் தட்டினார், தும்மினார், இருந்தாற்போல் தும்மலை நிறுத்திவிட்டுச் சொன்னார்:

"இதோ இருக்காங்கம்மா."

இருந்தாள். மீசைத் துரை தன் இரண்டாவது மகளுக்கு, அவள் திருமணத்தை ஒட்டி, லாயத்தையும், தண்ணீர்த் தொட்டியையும், சுற்றியுள்ள மண்ணையும் எழுதிக் கொடுத்திருந்தார். குதிரைப் பைத்தியமான பெண்ணுக்குக் குதிரை டாக்டர் புருஷன், லாயம் சீதனம். தொட்டி இன்னும் வாசலில்தான் இருக்கிறது. மாமியார் அதில் வெங்காயத்தாள் பயிர் பண்ணிவைத்திருக்கிறார்.

சொத்து துரைசானிக்கு வந்துவிட்டது. அவளிடமிருந்து எங்கே போயிற்று? "சார், இவங்க பேர்ல ஒரு உயில் இருக்கணும்," என்றாள். உயில் புத்தகத்தைக் குதிரை டாக்டரின் பெயரில் புரட்டியபோது அதுவும் கிடைத்தது. சின்ன உயில். பிள்ளை குட்டி இல்லாதவள் எழுதியது. நகைகள் ஒரு ஆஸ்பத்திரிக்கு. புத்தகங்கள் ஒரு தோழிக்கு. அதற்கப்புறம் லாயம், தொட்டி, மண் எல்லாவற்றுக்கும் நேராக ஒரு பெயர்.

அவள் விரல் அந்தப் பெயரில் நின்றுவிட்டது. மாமனாரின் அப்பா. பெயர் முழுசாக இருந்தது, அவருடைய தகப்பனார் பெயரோடு, எழுத்துக் கூட்டி, சுத்தமாக. அத்தனை உயில்களிலும் பத்திரங்களிலும் வெறும் குதிரைக்காரனாக இருந்த மனுஷனை, இந்த ஒருத்தி மட்டும் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருந்தாள். வில்லங்கம் அவரைப் பார்த்ததில்லை. ஆனாலும் நன்றாக அழுதாள். தும்மல் சார் தன்னுடைய கைக்குட்டையைத் தரலாமா என்று யோசித்து, அதன் நிலைமையைப் பார்த்துவிட்டு, தராமல் விட்டுவிட்டார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த வரியைப் படித்தாள்.

'இந்த லாயத்தில் ஒரு குதிரையாவது நின்று, அதற்குத் தீனியும் தண்ணீரும் கிடைத்துக்கொண்டிருக்கும் வரை இவை அவருக்கும் அவர் சந்ததிக்கும் உரியவை. என்றைக்கு இங்கே குதிரை இல்லாமல் போகிறதோ, அன்றைக்கு இவை பங்களாவைச் சேர வேண்டும்.'

அவள் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"சார், இன்னிக்கு என்ன கிழமை?"

"வெள்ளி. ஏம்மா?"

நகல் எடுத்து, முத்திரை வாங்குவதற்குள் அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. வீட்டுக்கு ஃபோன் அடித்தாள். மாமியார் ஃபோனை உறையிலிருந்து எடுக்கவே மாட்டார், அது பழசாகிவிடுமாம். புருஷன் எங்கோ மூன்றாவது மாடியில் சாரத்தில் நின்று இரண்டு கையிலும் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டிருப்பார். ஜாக்கிக்கு அடித்தாள். மணி போனது, போனது, கட்டானது. பேச மாட்டேன் என்றால் அந்த மனுஷன் பேசவே மாட்டார். தெருவில் ஓடி வந்து, வாழ்க்கையில் முதல் தடவையாகத் தனி ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினாள்.

"எங்கம்மா போகணும்?"

"ஒரு குதிரையைப் பிடிக்கணும். மேட்டுத் தெருவுக்கு விடுங்க."

ஆட்டோக்காரர் கண்ணாடியில் அவளை ஒருமுறை பார்த்துவிட்டு, மறுபேச்சு பேசாமல் முடுக்கினார்.

மேட்டுத் தெரு முனையிலேயே வண்டிகள் முட்டிக்கொண்டு நின்றன. ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது. அவள் இறங்கி, பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினாள். லாயத்தின் வாசலில் பால் பண்ணைக்காரரின் சின்ன லாரி, பின்கதவு திறந்து, பலகை சாய்த்து நின்றது. மகாராணி முன்னங்கால் இரண்டையும் தெருவில் வைத்து, பின்னங்கால் இரண்டையும் வாசலுக்குள் ஊன்றி, குறுக்கே நின்றுகொண்டிருந்தது. முன்னாலிருந்து ஒரு ஆள் கயிற்றை இழுத்தார். பின்னாலிருந்து ஒரு ஆள் தள்ளினார். குடை பிடித்தபடி மாமியார் இரண்டு பேருக்கும் யோசனை சொல்லிக்கொண்டிருந்தார். ஜாக்கி தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து, முகத்தைத் துண்டால் மூடி அழுதுகொண்டிருந்தார்.

"விடுங்க," என்று கத்தினாள் வில்லங்கம். "அதை விடுங்க. அது எங்கயும் போகாது."

"அதைத்தாம்மா நாங்களும் சொல்றோம்," என்றார் கயிறு பிடித்தவர். "போகவே மாட்டேங்குது."

"அத்தே, குதிரை இருக்கற வரைக்கும்தான் வீடு. எழுதியிருக்கு. பேரு போட்டு எழுதியிருக்கு. அந்த ரெண்டாவது பொண்ணு. அவளுக்குத்தான் கல்யாணத்துல லாயத்தைக் குடுத்திருக்காங்க. அவ நம்ம தாத்தாவுக்குக் குடுத்திருக்கா."

மூச்சு வாங்க, முன்னும் பின்னுமாகத்தான் சொன்னாள். ஆனாலும் மாமியாருக்குப் புரிந்தது. குடை கையிலிருந்து நழுவியது.

"அடப் பாவி மனுஷா," என்றார் செத்துப்போன புருஷனை நினைத்து. "இதைச் சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா. 'சொன்னா கேளு'ன்னா எப்படிய்யா கேக்கறது."

"அவருக்கே தெரிஞ்சிருக்காது அத்தே. அவங்க அப்பா சொன்னாரு, செஞ்சாரு."

"ஓட்டல்காரனுக்குத் தெரிஞ்சிருக்கும். அதான் குதிரையைக் கிளப்பப் பாத்திருக்கான்."

"அவருக்கும் தெரியாது. தெரிஞ்சிருந்தா நோட்டீஸே அனுப்பியிருக்க மாட்டாரு, சத்தமில்லாம வந்து குதிரையை விலைக்குக் கேட்டிருப்பாரு. தெரியாம கெடுக்கப் பாத்தது நான்தான்."

அவள் மகாராணியின் முன்னால் போய் நின்றாள். இத்தனை வருஷத்தில் அதை அவள் ஆசையாகத் தொட்டதில்லை. இப்போது கழுத்தைக் கட்டிக்கொண்டாள். வாடை அடித்தது. அடிக்கட்டும் என்று இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டாள். மகாராணி அவள் தோளில் தலையைச் சாய்த்தது. ஜாக்கி துண்டை விலக்கிப் பார்த்து இன்னும் பலமாக அழுதார். தெருவில் நின்றவர்கள்கூட ஹாரனை நிறுத்திவிட்டார்கள்.

அந்த உருக்கமான நேரத்தில்தான் மகாராணி, அவள் பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த நகலின் மூலையைக் கடித்தெடுத்து, சாவதானமாக மென்றது.

திங்கட்கிழமை விசாரணைக்கு வீடே கிளம்பிப் போனது. மகாராணிக்குக் காவலாக ஜாக்கி மட்டும் நின்றுகொண்டார். ஒரு கணமும் அதைத் தனியே விடமாட்டேன் என்று கயிற்றைத் தன் இடுப்பிலேயே கட்டிக்கொண்டுவிட்டார். நில அதிகாரி அலுத்துப்போன முகத்தோடு, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்து உட்கார்ந்திருந்தார். தானப் பத்திரத்தைப் படித்தார். உயிலைப் படித்தார். நிபந்தனை வரிக்கு வந்ததும் கண்ணாடியை இறக்கி மாட்டிக்கொண்டு மறுபடி படித்தார்.

ஓட்டல்காரரின் வக்கீல் எழுந்தார். "உயிலை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் நிபந்தனை நிறைவேறுகிறது என்பதற்கு என்ன ஆதாரம்? இவர்கள் குதிரையை அனுப்பிவிட்டதாகவே என் கட்சிக்காரர் நினைக்கிறார். வெள்ளிக்கிழமை வண்டி வந்திருக்கிறது."

மாமியார் எழுந்து ஏதோ சொல்லப்போனார். புருஷன் அவர் கையைப் பிடித்து உட்காரவைத்தார். அதிகாரி நகலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இந்த நகல்ல ஒரு மூலையைக் காணோமே. முத்திரைக்குப் பக்கத்துல அரைவட்டமா போயிருக்கு. என்ன ஆச்சும்மா?"

"குதிரை தின்னுடுச்சு சார்," என்றாள் அவள். பொய் சொல்லவும் தோன்றவில்லை.

"எப்ப?"

"வெள்ளிக்கிழமைதான் சார். வண்டியில ஏறமாட்டேன்னு வாசல்லயே நின்னுக்கிட்டு தின்னுது."

அதிகாரி பல் பதிந்த அந்த விளிம்பை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு வக்கீலின் பக்கம் திருப்பிக் காட்டினார். "நகலில் வெள்ளிக்கிழமைத் தேதி. பல் இருக்கிறது. வேறென்ன ஆதாரம் வேண்டும் உங்களுக்கு?" என்றார். ஓட்டல்காரரே முதலில் சிரித்தார். அதற்கப்புறம் அந்த அறையில் சிரிக்காதவர் வக்கீல் ஒருவர்தான்.

சட்டப்படி நேரிலும் பார்க்க வேண்டும் என்று அதிகாரி அன்றைக்குப் பிற்பகலே வந்தார். இடுப்பில் கயிற்றோடு ஜாக்கி சல்யூட் அடித்தார். அக்கம்பக்கத்தார் எல்லோரும், இந்த வீட்டில் குதிரை இல்லாத நாளைத் தாங்கள் பார்த்ததே இல்லை என்று கேட்காமலே சொன்னார்கள். அதிகாரி தொட்டியைப் பார்த்தார், வளையங்களைப் பார்த்தார், மாமியார் தந்த டீயைக் குடித்தார். 'ஒரு குதிரை உள்ளது. நல்ல பசியோடு உள்ளது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். போகும்போது அவருடைய ஃபைலை அவர் மகாராணிக்கு எட்டாத உயரத்தில் பிடித்துக்கொண்டு போனதை வில்லங்கம் கவனித்தாள்.

அன்று சாயங்காலம் அடுப்படியில் ஒரே கூத்து. முட்டை பொரிந்தது, ரொட்டி முறுகியது. ஜாக்கி அவளிடமே நேராக உப்பு கேட்டார். மாமியார் அந்த இரண்டாவது பெண்ணை வானளாவப் புகழ்ந்தார். பெண் என்றால் அவள் பெண் என்றார். மீசைத் துரையையும் போனால் போகிறது என்று மன்னித்துவிட்டார்.

"கிழவி எத்தனை நாளைக்கு இருக்கும் மாமா?" என்று வில்லங்கம் மெதுவாகக் கேட்டாள். ஜன்னலில் தலை நீட்டியிருந்த மகாராணிக்குக் கேட்டுவிடக் கூடாது என்பது மாதிரி.

"ஏன், மறுபடி அனுப்பப் போறியா?"

"இப்பவே இன்னொண்ணு பாருங்க. சின்னதா, நாலஞ்சு வயசுல. ரெண்டு இருந்தா மனசுக்குத் தெம்பு. இதுக்கும் பேச்சுத் துணை ஆச்சு."

ஜாக்கி எழுந்து வெளியே போய்விட்டார். அழத்தான் போயிருப்பார்.

மாமியார் மட்டும் யோசனையாக இருந்தார். "இதையெல்லாம் எழுதி வைம்மா," என்றார். "குதிரை நிக்கணும்னு மட்டும் சொல்லாம, ஏன்னும் எழுது. நாங்க மறந்த மாதிரி பின்னால வர்றவங்களும் மறந்துடுவாங்க."

"நாளைக்கே எழுதறேன் அத்தே. நல்ல தாளா வாங்கி."

"தாள்ல எழுதி? மறுபடியும் அது தின்னுறதுக்கா? சுவத்துல எழுது."

புருஷன் எழுந்து போய், ஜன்னல் சட்டங்களுக்குப் பூசுகிற கறுப்புப் பெயின்டையும் தூரிகையையும் கொண்டுவந்து வைத்தார். கடைசித் தடுப்பின் கல்சுவரில், விளக்கை ஜாக்கி பிடிக்க, பெரிய பெரிய எழுத்தாக அவள் எழுதினாள். முதலில் அந்தக் குதிரைக்காரரின் முழுப் பெயர், அவர் தகப்பனார் பெயரோடு. அதற்குக் கீழே: இங்கே எப்போதும் ஒரு குதிரை நிற்க வேண்டும். நிற்கும் வரை வீடு நம்முடையது.

மகாராணி பக்கத்தில் வந்து, சுவரை மோந்து பார்த்தது. ஈரம் காயாத கடைசி எழுத்தை ஒருமுறை நக்கியது. பிடிக்கவில்லை போலிருக்கிறது, முகத்தைத் திருப்பிக்கொண்டு புல்லுக்குப் போய்விட்டது.